முதல் மாலை

கிளிநொச்சிச் சந்தைக்குப் பின்னாலுள்ள குடிசைகளில் இரண்டு கோஷ்டிகளுக்கிடையே கத்திக்குத்து மலிந்துவிட்டதால் பத்து மணிக்குச் சமாதானக் கூட்டம். அரசாங்கக் காரியாதிகாரி வருகிறார். ஒன்பதரைக்கே அடிபாடு.

சண்டையை விலக்குப் பிடித்த தவராசா இருவரையும் மேடைக்குப் பின்னாலிருந்த கொட்டிலுக்குள் இழுத்துவந்து மர வாங்கில் இருத்தினார். ஏரம்புவுக்குச் சட்டை கிழிந்திருந்தது. தில்லைநாதனுக்கு உதடு வீங்கியிருந்தது.

"ஆர் முதல் கைவைச்சது?"

"இவன்தான்! காரியாதிகாரித் துரைக்கு நான் போட வைச்சிருந்த முதல் மாலையைப் பறிச்சவன்," என்றான் ஏரம்பு.

"உன்ர மூஞ்சிக்கு முதல் மாலை ஒரு கேடோ?" என்று பாய்ந்தான் தில்லைநாதன்.

தவராசாவுக்கு அருவருத்தது. இதுகளை நம்பியா ஊர் நிம்மதி கேட்கிறது?

"பொத்துங்கோ வாயை! கைகுடுங்கோ."

அட்டையைத் தொடுவதுபோல இருவரும் விரல்நுனியைத் தொட்டுக்கொண்டார்கள்.

"மடியில கிடக்கிறதையும் எடுங்கோ."

ஏரம்பு முனகிக்கொண்டே வில்லுக்கத்தியை வாங்கில் வைத்தான்.

வாசலில் காவல் நின்றவர் தவராசாவின் எதிர்க்கோஷ்டி யோசேப்பு. போன மாதம் அவருடைய தோளில் கத்தி இறக்கியவர்.

"என்ன மச்சான், இவங்களை வெளியில விடலாமோ?" என்று கேட்டார் தவராசா.

"விடத்தானே வேணும்," என்றார் யோசேப்பு. "சமாதானச் சபைத் தலைவரும் காரியதரிசியும் மேடைக்கு வராட்டி, எங்கட ரெண்டு கோஷ்டியையும் ஆர் ராசியாக்கிறது?"