கால்காரர் வேலை

"அடிக்காதே! கையைக் கீழே போடு."

ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. முழங்காலுக்குக் கீழே சுருக்கென்று கடித்த கொசு சாவகாசமாக எழுந்து பறந்து போனது.

"கடிச்சா அடிக்கத்தானேங்க தோணும்? பிறந்ததுலேர்ந்து பழகின கை."

"ஊர்ல யாரு வேணா அடிக்கலாம், கால்காரர் அடிக்கக் கூடாது. நசுங்கின கொசுவுக்கு அரசாங்கத்துல மதிப்பு கிடையாது."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

பால்காரரின் மாட்டுக் கொட்டகை அது. வெயில் இறங்கி, இருட்டு இன்னும் வந்து சேராத நேரம். வைக்கோலின் வெதுவெதுப்பு. மாடுகள் அசைபோடும் ஓசையில் கொட்டகையே மெல்ல ஆடுவது போலிருந்தது. அருகருகே இரண்டு முக்காலிகள். ஒன்றில், துணியை முழங்கால்வரை வழித்துவிட்டு அவள். மற்றதில், கால்சட்டையை மடித்துவிட்டு அவள் கணவர்.

அவர் இனி வேலைக்கு வர முடியாது என்று ஆன பிறகு, ரொம்ப நாள் அலையவிட்டு, சுகாதாரத் துறை அவருடைய இடத்தை அவளுக்குக் கொடுத்திருந்தது. காலைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து, வந்து அமரும் கொசுவை உயிரோடு பிடித்துக் கொடுக்கிற வேலை. எந்தத் தெருவில் காய்ச்சல் கொசு புகுந்திருக்கிறது என்று துறைக்குத் தெரிவது இப்படித்தான். வேலையில் சேர்ந்ததிலிருந்து அவள் பிடித்ததெல்லாம் நசுங்கிப் போயிருந்தது. இன்று மேற்பார்வையாளர் நேரில் வருகிறார். ஒன்றையாவது முழுசாகக் காட்டாவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். மகளின் படிப்பும் பாதியில் நின்றுவிடும்.

"இதுக்கு எந்த மகராசன் கால்காரர்னு பேரு வச்சான்?"

"ஆரம்பத்துல பேரே கிடையாது. எங்கப்பாவுக்கு முந்தின ஆளுங்க காலத்துல, காய்ச்சல் வந்த ஊருக்குப் போய், 'கொசு கடிக்க ஒரு கால் வேணும்'னு கேட்பாங்களாம். வேற வேலை கிடைக்காதவன் போய் நிப்பான். அப்படி ஒட்டிக்கிட்ட பேரு. அப்புறம்தான் சீருடை, மாசச் சம்பளம், அலுவலகத்துல கடைசி நாற்காலி எல்லாம் வந்துச்சு."

"கடைசி நாற்காலியா? நீங்க நின்னுக்கிட்டே இருந்ததாத்தானே சொல்வீங்க?"

"நாற்காலி இருந்துச்சு. அதுல மருந்து டப்பா உட்கார்ந்திருந்துச்சு."

அவள் குலுங்கிச் சிரித்தாள். மாடு ஒன்று திரும்பிப் பார்த்தது.

"ஒரு சமயம் மருந்தடிச்சு மருந்தடிச்சு கொசுவே இல்லாமப் போச்சு. எங்கப்பாவுக்கு மாலை போட்டாங்க. அடுத்த வாரமே வேலையை எடுத்துட்டாங்க. எங்கம்மா சாமிகிட்ட கொசு வரணும்னு வேண்டிக்கிட்டா."

"வந்துச்சா?"

"வராம? கொசுவும் வந்துச்சு, வேலையும் வந்துச்சு. பேரை மட்டும் மாத்திட்டாங்க, பூச்சி சேகரிப்பாளர்னு. கூப்பிடறப்ப கால்காரர்தான்."

வெளிச்சம் தண்ணீர் கலந்த பாலைப் போல நீர்த்துக்கொண்டிருந்தது. அவர் குரலும் அதில் கரைந்து எங்கோ தொலைவிலிருந்து வருவது போல அவளுக்குத் தோன்றியது. கண் சொக்கியது.

"தூங்காதே. குழாயை எடு."

ஒரு முனையில் வலைத்துணி கட்டி ரப்பர் குழாய் செருகிய கண்ணாடிக் குழாய். ரப்பரை வாயில் வைத்து உறிஞ்சினால் கொசு கண்ணாடிக்குள் வந்துவிடும்.

"ஒரே ஒரு தடவை நீங்க செஞ்சு காட்டுங்களேன்."

"என்னால எங்கே ஆகும்? உறிஞ்சறதுக்கு மூச்சு வேணும். நீயே செய். ஆனா மூச்சை அடக்கி வச்சுக்காதே. கொசு காலைத் தேடி வர்றதில்ல, மூச்சைத் தேடி வருது. மாடு மூச்சு விடுது, நீ விடறே. அதான் இங்கே இவ்வளவு கூட்டம்."

"அப்ப உங்க கால்ல ஏன் ஒண்ணுகூட உட்கார மாட்டேங்குது?"

"இத்தனை வருஷமா தின்னுச்சே, அலுத்திருக்கும்."

"என் சமையலைத்தான் அலுப்புன்னு சொல்வீங்க. இப்ப கொசுவே உங்களை ஒதுக்கி வச்சிடுச்சு!"

"உஷ்ஷ். உன் கணுக்கால்."

கொசு ஒன்று வந்து நின்றிருந்தது. தலையைத் தாழ்த்தி, வாலைத் தூக்கி, தலைகீழாக நிற்கப் போவது போல. அவள் கை தானாக எழுந்தது. பாதி வழியில் அதை அவளே நிறுத்தினாள்.

"பயப்படாதே. பூ பறிக்கிற மாதிரி, மெல்ல."

குழாயின் வாயைக் கொசுவின் மேல் கவிழ்த்தாள். மெல்ல உறிஞ்சினாள். கண்ணாடிக்குள் ஒரு சின்ன நடுக்கம். கொசு உள்ளே இருந்தது.

"பிடிச்சிட்டேன்ங்க!"

"பார்த்தேன். பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. மேற்பார்வையாளர் தோளில் பையோடு குனிந்து உள்ளே வந்தார். குழாயை வாங்கி, விளக்கடித்துப் பார்த்தார்.

"அட! காய்ச்சல் கொசுவேதான். ஒரு கால்கூட ஒடியலை. நாளைக்கே இந்தத் தெருவுல மருந்தடிக்கச் சொல்றேன். இனி இந்த வேலை உங்களுக்குத்தாம்மா, கவலைப்படாதீங்க. யாரு சொல்லிக் கொடுத்தது?"

"எங்க வீட்டுக்காரர்தான் சார்."

மேற்பார்வையாளர் குழாயின் வாயைப் பஞ்சால் அடைத்தார்.

"நல்ல மனுஷன். அவர் போய் வருஷம் திரும்பப் போகுது. இருந்தவரைக்கும், 'ஒரு நாளாவது கூட வந்து உட்காருன்னு கூப்பிடறேன், வர மாட்டேங்கிறா சார்'னு உங்களைப் பத்திச் சொல்லிச் சிரிப்பாரு" என்றபடி, தோளிலிருந்த பையை இறக்கி இரண்டாவது முக்காலியின் மேல் வைத்தார்.