அளவு போடாத நாள்

காற்று வரவில்லை.

அவர் மொட்டைமாடிச் சுவரைப் பிடித்தபடி கிழக்கே பார்த்துக்கொண்டு நின்றார். கடலூரில் விடிந்து வெகுநேரம் ஆகியிருந்தது. எதிர்வீட்டுத் தென்னை, போட்டோ எடுக்க நிற்பதுபோல அசையாமல் நின்றது. மேகம் இருந்தது. இருந்து என்ன பயன்?

இந்நேரம் புயல் கரையைத் தொட்டிருக்க வேண்டும்.

அப்படித்தான் அவர் சொல்லியிருந்தார்.

சொன்னது வாட்ஸ்அப் குழுவில். மழைப் பைத்தியங்கள் கூடும் குழு அது. ஒருவர் மளிகைக்கடை வைத்திருக்கிறார், ஒருவர் தமிழாசிரியை, இவர் மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர். எல்லார் வீட்டு மாடியிலும் ஒரு மழைமானி உண்டு. காலையில் பல் துலக்குகிறார்களோ இல்லையோ, எவ்வளவு மழை என்று பார்த்துக் குழுவில் அளவு போட்டுவிடுவார்கள். பெய்யாத நாளில் யாரும் போடுவதில்லை. வெறும் இலையைக் காட்டி விருந்து என்று சொல்ல முடியுமா?

இந்த முறை சண்டை பெரிதாகிவிட்டது.

வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் உருவானதுமே வேளச்சேரிப் பல் டாக்டர் பெலிக்ஸ் ஆரம்பித்தார். கரைக்கு வருமுன் வலுவிழக்கலாம் என்று போட்டார்.

இவர் விடுவாரா? கடல் முன்னைப்போல் இல்லை, சூடேறிக் கிடக்கிறது, பருவநிலையே மாறிவிட்டது, பழைய கணக்கு இனிச் செல்லாது என்று எழுதினார். டாக்டர் பழைய புயல்களின் படங்களை வரிசையாகப் போட்டார். எல்லாம் சுழற்சிதான் சார், அந்தக் காலத்திலும் வந்திருக்கிறது என்றார். இவர் கடல் வெப்ப வரைபடத்தைப் போட்டார். டாக்டர் சிரிக்கிற பொம்மை ஒன்றைப் போட்டார்.

அந்தப் பொம்மைதான் வினை.

இவர் பதிலைப் பாதி டைப் செய்திருக்கும்போது தங்கை செங்கமலத்திடமிருந்து போன். கடலூருக்குப் பக்கத்து ராமாபுரத்தில் அவளுக்கு வாழைத்தோட்டம். பொங்கலுக்கு வெட்ட வேண்டிய பூவன் தார்கள் முக்கால் முற்றலில் தொங்கின. காற்று அடித்தால் மரத்தோடு சாய்ந்துவிடும். இப்போதே வெட்டினால் பாதி விலைக்காவது போகும்.

"ஏண்ணா, வெட்டிடவா, வேணாமா? நியூஸ்ல ஒண்ணும் உறுதியா சொல்லலயே."

வேறு நாளாக இருந்தால், மரங்களுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு இன்னொரு நாள் பொறுத்துப் பார் என்றிருப்பார். குழுவில் புதிதாகச் சேர்பவர்களுக்கு அவர் சொல்லும் முதல் பாடமே அதுதான். வரும் என்று சொல்லாதே, வரலாம் என்று சொல்.

அன்று டாக்டருக்குச் சொல்ல வேண்டிய பதிலைத் தங்கைக்குச் சொன்னார்.

"வெட்டிடும்மா. வருது."

வெட்டிவிட்டாள். நேற்று மாலை தார்கள் லாரி ஏறிவிட்டன.

அதிலிருந்து அவர் வேண்டாத தெய்வம் இல்லை. வர வேண்டும். எப்படியாவது வர வேண்டும். புதுப் படம் வரும்போதெல்லாம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். மேலடுக்குக் காற்று புயலின் தலையைச் சீவிவிட்டது என்று படம் தெளிவாகவே காட்டியது. அதைப் படிக்க அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனாலும் நம்பவில்லை. கடல் சூடானது பொய்யில்லை. அவர் போட்ட வரைபடமும் பொய்யில்லை. புயல்தான் அதைப் படிக்கவில்லை. கடலிலேயே கரைந்துவிட்டது.

மழை பெய்தும் கெடுக்கும், காய்ந்தும் கெடுக்கும் என்பார்கள். இவருக்கு அது இரண்டுமில்லாமல் கெடுத்தது.

போன் அடித்தது. செங்கமலம்.

திட்டட்டும் என்றுதான் எடுத்தார்.

"போயிடுச்சாமேண்ணா," என்றாள். குரலில் கோபமே இல்லை. "நல்லதாப் போச்சு. பக்கத்துக் கொல்ல கலியமூர்த்தி வெட்டாம விட்டுட்டாரு. தோட்டத்துலயே உக்காந்து கெடந்தாரு பாவம். ஒரு தாரு விழலண்ணா, எல்லாம் அப்படியே நிக்குது. ரெண்டு பொண்ணுக்கும் பொங்கச் சீரு அதுலதான் செய்யணும் அந்தாளு."

"ஆமாம்மா," என்றார்.

நேற்று மாலையிலிருந்து அவர் வேண்டிக்கொண்டது, அந்தக் கலியமூர்த்தியின் வாழை விழ வேண்டும் என்றுதான். அப்படி அவர் நினைத்திருக்கவில்லை. ஆனால் வேண்டியது அதைத்தான்.

"உன் வாழை போச்சேம்மா."

"போனா போவுது, அடுத்த வருசம் பாத்துக்கலாம். நீ அதையே நெனச்சுட்டு சாப்புடாம கெடக்காத." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அடுத்து ஏதாச்சும் வருதாண்ணா? கலியமூர்த்திதான் உன்னக் கேக்கச் சொன்னாரு."

அவர் கடல் இருக்கும் திசையைப் பார்த்தார்.

"வரலாம்மா. வராமலும் போவலாம்."

"இத நான் சொல்லமாட்டனா?" என்று சிரித்துவிட்டு வைத்தாள்.

குழுவைத் திறந்தார். காலையிலிருந்து யாரும் எதுவும் போடவில்லை. சிரிக்கிற பொம்மைகூட வரவில்லை. அவர் மனம் நோகக்கூடாது என்றுதான் எல்லாரும் பேசாமல் இருக்கிறார்கள் என்பது தெரிந்தது. அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

மழைமானியின் மூடியைக் கழற்றிப் பார்த்தார். அடியில் ஓர் எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது. அதை விரலால் எடுத்து வெளியே விட்டார்.

பிறகு டைப் செய்தார்.

கடலூர்: 0

அனுப்பிவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் பெலிக்ஸ் ஏதோ டைப் செய்வதாகக் காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது.

ஒரு வரி வந்தது.

வேளச்சேரி: 0