வெள்ளி அடைத்த பல்

அறுவை சிகிச்சை முடிந்து நாற்பத்தொரு மணி நேரம் ஆகியும் வீக்கம் வடியவில்லை. மேல்தாடை எலும்புக்குள் புதைந்து கிடந்த இரண்டு உபரிப் பற்களையும் அவள் அடம்பிடித்துக் கேட்டு, சிறு பாட்டிலில் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். இரண்டுமே ஈறுகளைத் தாண்டி ஒருநாளும் வெளியே வந்ததில்லை. ஆனால் சின்னதில் சொத்தையைச் சுரண்டி வெள்ளி அடைத்திருந்தது. டாக்டரிடம் கேட்டாள். அவர் எக்ஸ்ரேயை இரண்டு தடவை பார்த்துவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

"அதைக் குப்பையில போடுடி," என்றாள் அம்மா. "பல்லைப் போய் யாராவது ஷோகேஸ்ல வைப்பாங்களா?"

"வைப்பேன். டிவி பக்கத்துலயே வைப்பேன்."

"வாய் நிறைய தையல். அப்பவும் வாய் குறையுதா பாரு."

அம்மா பாட்டிலைப் பிடுங்கப் போனாள். அவள் அதை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டாள். விரல்களைப் பிரிக்கப் பார்த்துத் தோற்றுப்போய், அம்மா கட்டிலில் உட்கார்ந்தாள்.

"அதை அடைக்கறதுக்குள்ள எவ்வளவு அழுதா தெரியுமா?"

"யாரும்மா?"

அந்த வீட்டில் அவள் ஒரே பிள்ளை.

"சொல்லு. சொல்லாம தரமாட்டேன். சொன்னாலும் தரமாட்டேன்."

அம்மா பாட்டிலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "உங்க அக்கா. நீ பொறக்கறதுக்கு முன்னாடியே, ஏழு வயசுல போயிட்டா."