வழியனுப்பு சஹன்

"என்ன மச்சான், கண்ணு ரெண்டும் செவந்து கெடக்கு? அழுதியா?"

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ரஃபியுதீன் இப்படிக் கேட்டார். கேட்டதோடு விட்டாரா? கூட வந்த மூன்று பேரையும் திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல மச்சான். உள்ள வாங்க" என்றான் முஹம்மது ஆசிக். குரல் கம்மிப்போயிருந்தது. வந்தவர் பெண்டாட்டி சனாவின் அண்ணன் ஆயிற்றே, வேறென்ன சொல்ல முடியும்?

அழுதிருந்தாலும்தான் என்ன தப்பு? உகாண்டா மலைக்காட்டில் கொரில்லா பார்க்கப் போகலாம் என்று முதலில் வாயைத் திறந்தவனே ஆசிக்தான். சிதம்பரத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறான். கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் அந்தக் காட்டைப் பற்றித்தான் படிப்பான்.

ஒரு கொரில்லாக் கூட்டத்தைப் பார்க்க ஒரு நாளைக்கு எட்டே பேருக்குத்தான் பெர்மிட். ஒரு வருஷம் மெயில் மேல் மெயில் போட்டுக் கெஞ்சி, தனக்கும் ரஃபியுதீனுக்கும் அவருடைய யாவாரக் கூட்டாளிகள் இரண்டு பேருக்கும் என்று அதில் நாலை வாங்கியவன் அவன். மஞ்சள் காய்ச்சல் ஊசி போட இவர்களைச் சென்னைக்கு இழுத்துக்கொண்டு போனவனும் அவன்தான். மலை ஏறக் கால் பழக வேண்டும் என்று தினம் விடிந்ததும் பரங்கிப்பேட்டையிலிருந்து பி.முட்லூர் வரை நடந்தான்.

பதினைந்து நாள் முன்பு ரஃபியுதீன் கூலாகப் போன் செய்தார். "மச்சான், கடலூர் ஓ.டி. ஐஸ் ஃபேக்டரிக்காரர் நம்மகூட பார்ட்னரா சேர்றார். அவரும் வர்றேங்கிறார். ஊசியெல்லாம் போன வருஷமே போட்டிருக்காராம். நீ சின்ன வயசு, அடுத்த வருஷம் போயிக்கலாம். பேர மாத்தச் சொல்லி நீயே ஒரு மெயில் தட்டிவுட்டுடு."

எவ்வளவு கொழுப்பு பாருங்கள். தன் பெயரைத் தானே அடிக்க வேண்டுமாம்!

ஆசிக் அன்று போனில் கத்திய கத்தலில் தெருவே எட்டிப் பார்த்தது. "நீங்கள்லாம் மனுசங்களா? நான் நாயா அலைஞ்சது உங்க யாவாரத்துக்கா?" என்று கேட்டான். "என் நானாவப் பாத்தா இப்பிடிப் பேசுறீங்க?" என்று அண்ணனுக்காக சனா அவனோடு சண்டைக்கு நின்றாள். மெயிலை என்னவோ அவன்தான் அனுப்பினான். அனுப்பிவிட்டு, நடக்க வாங்கிய புது ஷூவைத் தூக்கிச் சுவரில் அடித்தான்.

அப்படிப்பட்டவன் முந்தாநாள் அவனாகவே போன் போட்டு, "போறதுக்கு முன்னாடி நாலு பேரும் நம்ம வீட்ல சாப்புட்டுத்தான் போவணும்" என்றான். ரஃபியுதீனுக்கே நம்ப முடியவில்லை.

கூடத்தில் பாய் விரித்து, நடுவில் சஹனை வைத்தார்கள். அந்தப் பெரிய தாம்பாளம் நிறைய நெய்ச்சோறு, மேலே ஆட்டுக்கறி. சுற்றி உட்கார்ந்து எல்லோரும் ஒரே சஹனில் கை வைத்துச் சாப்பிடுவதுதான் ஊர் வழக்கம். சனா அடுப்படியோடு சரி, ஆண்கள் சாப்பிடும்போது கூடத்துக்கு வர மாட்டாள்.

நாலு பேருக்கு நடுவில் ஆசிக் ஐந்தாவதாக உட்கார்ந்தான். தன் கையாலேயே கறியைப் பிய்த்து ஒவ்வொருவர் பக்கமும் தள்ளினான். "நல்லா சாப்புடுங்க. அங்க இந்த மாதிரி கெடைக்காது."

"ஒரே சஹன்ல உக்காந்துட்டோம். இனிமே மனசுல ஒண்ணும் வெச்சிக்கக் கூடாது, என்ன?" என்றார் ரஃபியுதீன், வாயில் எலும்போடு.

"என்ன மச்சான் வெச்சிக்கப் போறேன்? காட்டுல மட்டும் பாத்து நடந்துக்கங்க. ஏழு மீட்டருக்குக் கிட்ட போவக் கூடாது. ஃப்ளாஷ் அடிக்கக் கூடாது. அது சீறிக்கிட்டு வந்தா ஓடாம குனிஞ்சு உக்காரணும். சளி, காய்ச்சல் இருந்தா கேட்லயே திருப்பி அனுப்பிடுவாங்க. நம்ம சளி தொத்துனா அது செத்தே போயிடுமாம்."

"நான் ஐஸ் ஃபேக்டரியிலயே கெடக்குறவன் தம்பி! என்னை எந்தச் சளி புடிக்கும்?" என்று ஓ.டி.காரர் சிரித்தார். "என்னைக்குக் காட்டுக்குள்ள போறோம்?"

"இன்னைக்கு வியாழனா? ஞாயித்துக்கெழம காலையில."

வேன் வந்தது. ஆசிக் ஒருவரையும் விடவில்லை. நாலு பேரையும் மாறி மாறி மார்போடு சேர்த்துக் கட்டிப்பிடித்து ஸலாம் சொன்னான். ஓ.டி.காரரை இரண்டு தடவை கட்டிக்கொண்டான்.

ரஃபியுதீனுக்குக் கண் கலங்கிவிட்டது. "உன்னைப் போயி வுட்டுட்டுப் போறனே மச்சான். வந்ததும் உனக்கு ஏதாச்சும் செய்யிறேன்" என்றார்.

"துவா செய்யிறேன், போயிட்டு வாங்க" என்று கையாட்டினான் ஆசிக். வேன் தெருமுனை திரும்பும் வரை அங்கேயே நின்றான்.

உள்ளே திரும்பினால், கூடத்து நடுவில் சனா நின்றுகொண்டிருந்தாள். கையில் மூடி திறக்காத ஒரு தட்டு. சஹனைச் சுற்றியிருந்த ஐந்து கை அடையாளங்களையும் அவள் மாறி மாறிப் பார்த்தாள். முகம் சிவந்துவிட்டது.

"காய்ச்சலும் சளியும் எனக்குத் தொத்திக்கும்னு மூணு நாளா தனித் தட்டுல சாப்புட்டீங்களே, என் நானாகூட மட்டும் ஏங்க ஒரே சஹன்ல உக்காந்தீங்க?"