நின்றுபோன பொக்லைன்

வீடு கட்டுவதற்காகக் கரட்டு நிலத்தைச் சமன்படுத்திக்கொண்டிருந்தது ஒரு பொக்லைன். அதன் முன்னால் ஆட்காட்டிக் குருவி ஒன்று சிறகை விரித்து நின்றது.

"அண்ணே, தரையில என் முட்டைங்க இருக்கு. நிறுத்துங்க!"

"நானா எப்படிம்மா நிறுத்துறது? எல்லாம் ஓட்டுறவர் கையில."

"அவர்கிட்டச் சொல்லுங்க."

"என் பேச்சு அவருக்கு வெறும் இரைச்சல்."

குருவி நகரவில்லை. பொக்லைனுக்கு மனசு கேட்கவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டது, இன்ஜின் அணைந்தது. கோளாறு பார்க்க இறங்கிய ஓட்டுநர் முட்டைகளைக் கண்டார். சுற்றிலும் கல் அடுக்கிவிட்டு, மறுபக்கம் வேலையைத் தொடங்கினார்.

மாலையில் நிலத்துக்காரர் வந்தார். "அந்த மூலை மட்டும் ஏன் அப்படியே கிடக்கு?"

"பழைய வண்டிங்க. அங்க போனாலே நின்னுடுது" என்றார் ஓட்டுநர்.

நிலத்துக்காரர் பொக்லைனைத் திட்டித் தீர்த்தார். குருவிக்குப் பொறுக்கவில்லை, உண்மையைச் சொல்ல வாய் திறந்தது.

"சும்மா இரும்மா" என்றது பொக்லைன்.