குச்சியின் எடை

“ஏறி நில்லு குச்சி. என்ன காட்டுதுன்னு பார்ப்போம்.”

கல்யாணமாகி முப்பத்தைந்து வருடத்துக்குப் பிறகும் அவளைக் குச்சி என்று கூப்பிடுகிற ஆள் உலகத்தில் அவர் ஒருவர்தான். அந்தக் குச்சி தடித்துப் பல காலம் ஆகிவிட்டது. தைத்துக்கொண்டிருந்த முகக்கவசத்தை அப்படியே தையல் மெஷினில் விட்டுவிட்டு, அவள் வேண்டாவெறுப்பாக எடை மெஷின் மீது ஏறினாள். ஏறும்போதே பீரோவின் விளிம்பில் கையை ஊன்றிக்கொண்டாள். அப்படி ஊன்றினால் மூன்று கிலோ குறையும் என்பது அவள் மட்டும் அறிந்த ரகசியம்.

கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தவர், “அறுபத்தெட்டு” என்று படித்துச் சுவர்க் காலண்டரில் எழுதினார். அதற்குக் கீழே முப்பத்தொன்பது என்று இன்னொரு எண்ணையும் எழுதினார். அது என்ன என்று கேட்டால், “அது என்னோடது” என்பார். அந்த ஆறடி உடம்பு முப்பத்தொன்பது கிலோ என்றால் நம்புவதற்கு அவள் என்ன பச்சைக் குழந்தையா?

இந்தக் கூத்து தொடங்கி ஒரு மாதம் ஆகிறது. மூன்றாம் மாடி வாத்தியார் போன மறுநாள் ஆரம்பித்தது. லிஃப்ட் இல்லாத கட்டடம், வாத்தியாருக்கோ கனத்த உடம்பு. ஆம்புலன்ஸில் வந்த இரண்டு பேரால் அவரை இறக்க முடியவில்லை. தொற்றுக்குப் பயந்து ஒரு கதவும் திறக்கவில்லை. நாலாம் மாடியிலிருந்து இவர் ஓடிப்போய் ஒரு பக்கம் பிடிப்பதற்குள் அரை மணி நேரம் போய்விட்டது. வாத்தியார் திரும்பி வரவில்லை.

உடம்பு கனத்தவர்களுக்கு ஆபத்து அதிகம் என்று டி.வி.யில் தினமும் சொன்னார்கள். அக்கறையில்தான் எடை பார்க்கிறார் என்று முதலில் அவளும் நினைத்தாள். அக்கறை இருந்தால் தடுப்பூசி போட அல்லவா கூட்டிப்போக வேண்டும்? அவளுக்குச் சர்க்கரை வேறு இருக்கிறது. இரண்டு தடவை பதிவு செய்தாள். இரண்டு தடவையும் “கொஞ்சம் பொறு, நான் சொல்றப்ப போவோம்” என்று தள்ளிப்போட்டுவிட்டார்.

போன வாரம் எங்கிருந்தோ அவர்களுடைய பழைய படத்தைத் தேடி எடுத்துவந்து பீரோவில் ஒட்டினார். இந்த வீட்டுக்குக் குடிவந்த புதிதில் எடுத்த படம்.

“அப்ப நீ எத்தனை கிலோ இருந்திருப்பே?”

“நாற்பத்திரண்டு.”

அவர் பெருமூச்சு விட்டார். அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

குடிவந்த அன்று வாசலில் கால் பிசகி விழுந்தவளை, அவர் அலாக்காகத் தூக்கிக்கொண்டு நாலு மாடியும் நிற்காமல் ஏறினார். தபால் பை தூக்கிப் பழகிய தோள். மூன்றாம் மாடியில் இளைஞராக இருந்த வாத்தியார் கதவைத் திறந்து, “என்ன தபால்காரரே, பார்சலா?” என்று கேட்க, அவள் வெட்கத்தில் அவர் சட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அந்தச் சட்டையின் சோப்பு வாசனை இன்றைக்கும் அவளுக்கு நினைவிருக்கிறது. அப்படித் தூக்கியவர்தான் இன்று கிலோ கணக்குப் பார்க்கிறார்.

போதாததற்கு அவர் மட்டும் இளமையாகிக்கொண்டிருந்தார். விடிவதற்கு முன்னால் நடக்கப் போகிறேன் என்று கிளம்பி, வேர்வையில் தொப்பலாக நனைந்து திரும்புவார். சட்டைக் கை இறுக்குகிறது என்று அவளிடமே பிரித்துத் தைக்கக் கொடுத்தார். பழைய புத்தகம் போட வேண்டும் என்று கான்வாஸ் துணியில், அகலப் பட்டை வைத்து ஒரு பெரிய பையும் தைத்து வாங்கிக்கொண்டார். அறுபத்து மூன்று வயதில் ஆணழகனாகிறவருக்குப் பக்கத்தில் நிற்கக் குச்சிதான் வேண்டுமாக்கும் என்று, அவள் ராத்திரிச் சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்தாள்.

அறுபத்தெட்டு காட்டியதற்கு மறுநாள் காலை அவளுக்குப் பொறுமை போய்விட்டது. அவர் வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும், தனியாகவாவது போய் ஊசி போட்டுக்கொள்வது என்று வீட்டைப் பூட்டிக்கொண்டு இறங்கினாள்.

மூன்றாம் மாடியைத் தாண்டியதும் யாரோ மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு படியாக அவர் இறங்கிக்கொண்டிருந்தார். முதுகில் அவள் தைத்த பை. பட்டையில் அவள் போட்ட இரட்டைத் தையல் தெறித்துவிடும்போல இழுபட்டிருந்தது.

“என்னங்க இது?”

கையும் களவுமாக மாட்டிக்கொண்டவர் அப்படியே படியில் உட்கார்ந்தார். “மணல். நாற்பது கிலோ வந்துட்டேன். முதல் வாரம் பத்து கிலோவுக்கே நாக்கு தள்ளிடுச்சு.”

“எதுக்கு இந்த வேலை?”

அவர் வாத்தியார் வீட்டுப் பூட்டை நிமிர்ந்து பார்த்தார்.

“உனக்கு ஒண்ணுன்னா யாரும் கதவைத் திறக்க மாட்டாங்க குச்சி. நான்தானே தூக்கிட்டு இறங்கணும்? ஊசி போட்டு மயக்கம் வந்தாலும் அப்படித்தான். உன் எடையைத் தூக்க முடிஞ்ச அன்னைக்கே ஊசிக்குக் கூட்டிட்டுப் போகணும்னு இருந்தேன். அதான் தினம் எவ்வளவுன்னு பார்த்தேன்.”

அவள் பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானையால் அவர் கழுத்து வேர்வையைத் துடைத்தாள்.

“எழுந்திருங்க. ரெண்டு பேரும் இப்பவே போய்ப் போட்டுக்குவோம். போட்டுக்கிட்டா தூக்குற வேலையே வராது.”

அவர் தலையாட்டினார். “எதுக்கும் இருக்கட்டும். அறுபத்தெட்டுக்கு இன்னும் இருபத்தெட்டுதான் பாக்கி.”

“முப்பத்தொண்ணு,” என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. “நான் தினமும் பீரோவைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நின்னேன்.”