பெட்டி வரும்வரை

"என்னலே எபனேசர், ஒன் கம்ப்யூட்டரு எந்தக் கடல்ல வருது? இல்ல, முங்கிட்டா?"

மொபைல் சர்வீஸ் கடை தங்கதுரை அண்ணாச்சி தினமும் காலையில் கேட்கிற கேள்விதான். கேட்டுவிட்டுப் பக்கத்து டீக்கடையில் நிற்கிறவர்களை ஒரு பார்வை பார்ப்பார். அவர்களும் சிரித்துவைப்பார்கள்.

நைட் ஷிஃப்ட் முடிந்து கண் எரிய நின்றிருந்த எபனேசர், டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டுச் சொன்னான். "வரும்."

துறைமுகத்தில் அவனுக்கு லாஷிங் வேலை. கப்பலில் ஏற்றிய கன்டெய்னர்கள் சரியாமல் இரும்புக் கம்பி போட்டு இறுக்கிக் கட்ட வேண்டும். கட்டி முடித்ததும் இறங்கிவிட வேண்டும். எத்தனையோ கப்பலில் ஏறியிருக்கிறான். ஒன்றுகூட அவன் காலுக்குக் கீழே நகர்ந்ததில்லை.

அப்படிப்பட்டவன்தான் போனில் ஒரு வீடியோ பார்த்தான். இரண்டு கைக்குள் அடங்குகிற கேமிங் கம்ப்யூட்டர். கப்பல் ஓட்டுகிற விளையாட்டெல்லாம் அதில் ஓடுமாம். ஆனால் பொருள் இன்னும் கடைக்கு வரவில்லை. ஆசைப்பட்டவர்கள் முன்கூட்டியே பணம் கட்டினால், அதை வைத்துச் செய்து அனுப்புவார்களாம். க்ரவுட் ஃபண்டிங் என்று பேர். எபனேசர் கட்டிவிட்டான்.

கட்டியதைத் தங்கதுரையிடம் காட்டப்போனதுதான் தப்பு. கடை வாசலிலேயே மானத்தை வாங்கிவிட்டார். இல்லாத பொருளுக்குக் காசு கொடுத்த கிறுக்கனை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்றார்.

"திறக்காத சிப்பியை ஏலம் எடுத்த ஊரு அண்ணாச்சி இது. உள்ள முத்து கெடக்கா, சேறு கெடக்கான்னு பாத்துட்டா எடுத்தாவ?"

"சிப்பியாவது கண்ணு முன்னால குமிஞ்சு கெடந்துச்சுலே. ஒனக்குப் படம்லா கெடக்கு."

அதோடு விட்டிருக்கலாம். குடிக்கிறவன் புத்தி இப்படித்தான் போகும், பெட்டியும் வராது, நீ பாட்டிலையும் விடமாட்டாய் என்று சேர்த்துச் சொன்னார்.

எபனேசருக்குச் சுருக்கென்றது.

"பெட்டி வார வரைக்கும் ஒரு சொட்டு தொடமாட்டேன். வந்ததும் ஒம்ம மேசையில வச்சு ஆன் பண்ணுதேன். பாரும்."

அன்றைக்கு விட்டதுதான். ஈரல் கெட்டுவிட்டது, இனியும் குடித்தால் ஆள் தங்கமாட்டார் என்று டாக்டர் சொல்லி, மனைவி ஜெமிமா காலில் விழாத குறையாகக் கெஞ்சியபோதெல்லாம் விடாதவன், இதற்கு விட்டான். கை நடுங்கியது. உறக்கம் போனது. ஆனாலும் தொடவில்லை.

பெட்டிதான் வரவில்லை. சிப் கிடைக்கவில்லை என்று ஒரு மெயில். திரையை மாற்றுகிறோம் என்று ஒரு மெயில். அப்புறம் மெயிலே இல்லை.

தங்கதுரைக்குக் கொண்டாட்டம். ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில்கூட விடவில்லை. ஒன் பெட்டிக்காக ஜெபம் பண்ணச் சொல்லி போதகர் ஐயரிடம் சீட்டு எழுதிக் கொடுத்தியாலே என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து ஆற்றாமையைச் சொன்னால், ஜெமிமாவும் அந்தப் பக்கம்தான் சாய்ந்தாள். அண்ணாச்சி கேட்கிறதில் என்ன தப்பு, வராது என்றுதான் தனக்கும் தோன்றுகிறது என்றாள். கட்டினவளே இப்படிச் சொன்னால் மனுஷனுக்கு எப்படி இருக்கும்? எபனேசருக்கு வீம்பு இன்னும் ஏறியது.

ஒரு சம்பள நாளில், கூட வேலை பார்க்கும் பேச்சிராஜா தோளில் கை போட்டு பார் வாசல்வரைக்கும் கூட்டிப்போய்விட்டான். ஒரே ஒரு கட்டிங்தானே, யாருக்குத் தெரியப்போகிறது என்றான். எபனேசருக்கு நாக்கு ஊறியது. ஒரு காலை உள்ளேயும் வைத்துவிட்டான். அப்போதுதான் தங்கதுரையின் சிரிப்பு நினைவுக்கு வந்தது. 'நான் அப்பவே சொன்னம்லா' என்று அந்த ஆள் ஊர் பூராவும் சொல்லிக்கொண்டு திரிவார்.

"செத்தாலும் அந்த ஆளு முன்னால தோக்கமாட்டேம்லே" என்று சொல்லிக் காலை வெளியே எடுத்துவிட்டான்.

பணம் கட்டின கதையே பாதிப் பேருக்கு மறந்துபோன பிறகு, ஒருநாள் கூரியர்க்காரர் வாசலில் வந்து அவன் பெயரைக் கேட்டார்.

எபனேசர் பெட்டியைப் பிரிக்கவில்லை. அப்படியே தூக்கிக்கொண்டு கடைக்கு நடந்தான். டீக்கடைக் கூட்டம் பின்னாலேயே வந்தது. தங்கதுரையின் மேசையில் வைத்துப் பிரித்து, பட்டனை அமுக்கினான்.

திரை பளிச்சென்று எரிந்தது.

"இப்பச் சொல்லும் அண்ணாச்சி."

தங்கதுரை சிரிக்கவில்லை. தோற்றுப்போன முகமும் அது இல்லை. என்னமோ பயந்தவர் மாதிரி அந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரிலே. ஜெயிச்சிட்ட" என்றார், குரலே எழும்பாமல்.

கூட்டத்தோடு வந்திருந்த பேச்சிராஜா பின்னாலிருந்து எபனேசரின் முதுகில் தட்டினான். சபதம்தான் முடிந்துவிட்டதே, சாயங்காலம் கொண்டாடிவிடுவோம் என்றான். எபனேசர் வேண்டாம் என்று சொல்லவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தான்.

தெருமுனைக்குப் போன பிறகுதான் சார்ஜரை மேசையிலேயே விட்டுவந்தது தெரிந்தது. திரும்பி வந்தான்.

கூட்டம் கலைந்திருந்தது. தங்கதுரை வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"ஆமா ஜெமிமா, வந்துட்டு. எரியவும் செய்யுது. நல்ல வார்த்தை சொன்னா கேக்கமாட்டாவ, ஏசுனா வீம்புக்காவது நிப்பாவன்னு நீ அழுதியேன்னுதான் இத்தன நாளும் ஏசிப் பிடிச்சு வச்சிருந்தேன். சாயங்காலம் அந்தப் பேச்சிராஜா கூப்பிட்டிருக்கான். வெரசலாச் சொல்லு தாயி, இனி நான் எதச் சொல்லி அவன ஏசட்டும்?"